கட்டிலுக்கு அடியில் போன கம்பிக்கதவு

வெள்ளானூர் நாய் காப்பகத்தில் ஒரு காது மடங்கிய பெண் நாய் என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வேறு நாயே என் கண்ணில் படவில்லை. கையோடு கூட்டிப் போகலாம் என்று பார்த்தால், வீட்டை நேரில் பார்த்துத்தான் தருவோம், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் ஸ்கிரீனைத் துவைத்தேன், ஒட்டடை அடித்தேன், அவளுக்குப் புதுத் தட்டும் பாயும் வாங்கினேன். ஞாயிறு காலை கேசரி கிளறும்போது வாசலில் டங்கென்று சத்தம். என் வீட்டுக்காரர் வராந்தாவின் கம்பிக்கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருப்பது ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில், தரைத்தளம். நாமாக ஒரு கதவு வைப்பதென்றாலும், நாய் வளர்ப்பதென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். யார் வாங்கினார்கள்? அதிகாரிகள் வீடு பார்க்க வந்தால் கதவைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். அவர்கள் தெருமுனை திரும்பியதும் மறுபடி மாட்டிவிடுவோம். இருபது வருஷப் பழக்கம். வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் கை தானாக அந்த வேலையைச் செய்யும். அன்றைக்கு நானும்தான் புத்தி கெட்டுப் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

காப்பகத்து அம்மா கேசரியைத் தொடவில்லை. நேராக வராந்தாவுக்குப் போய் எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார்.

“இன்னாக்கா, தடுப்பே இல்ல. வண்டி போய்கினே கீது. இந்த ஊட்டுக்கு நான் தர முடியாது.”

நான் என் வீட்டுக்காரரை முறைத்தேன், அவர் என்னை முறைத்தார். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் உள்ளே ஓடிக் கதவை இழுத்து வந்து, அந்த அம்மா கண்ணெதிரேயே மாட்டினோம். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நாளைக்கு ஆபீசர் வந்தா, நாயையும் கட்டிலுக்கு அடியில தள்ளுவீங்களா?”

இருபது வருஷத்தில் ஒரு மனுகூட எழுதாத என் வீட்டுக்காரர், கேசரித் தட்டை நகர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து, கதவுக்கும் நாய்க்கும் அனுமதி கேட்டு எழுதினார். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா ஸ்பூனைக் கையில் எடுத்தார்.

அன்று சாயங்காலமே ஆட்டோவில் வந்து இறங்கினாள் எங்கள் ராசாத்தி! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மகாராணி புதுப் பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில், கதவு கிடந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அதிகாரிகள் வந்தார்கள். மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து கம்பிக்கதவின் பின்னால் நின்று அவள் குரைத்த குரைப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. யார் நாய் இது என்று கேட்டார்கள்.

“எங்க நாய் சார்,” என்றார் என் வீட்டுக்காரர், கதவைப் பிடித்துக்கொண்டு.