எட்டு நிமிடக் கடிகாரம்

1. 3.58: கொட்டாஞ்சேனை மண்டபத்தில் முதல் போட்டியாளரான சிறுமி ஆடத் தொடங்கினாள்.
2. 4.05: அவளுடைய பாட்டை நிறுத்தினேன்.
3. 4.07: அவளுடைய அப்பா என் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார்.
4. 4.08: இரும்புக் கதிரையால் என் வலது கையில் இரண்டு தரம் அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

நேரடி ஒளிபரப்பில் நேரம் பார்ப்பது என் வேலை. மேடைக்கு முன்னால் பூச்சியத்தை நோக்கி எண்ணும் கடிகாரம் இருக்கும். பேச்சாளர்கள் சொன்னபடி நிறுத்தமாட்டார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாக ஓடவிடுவோம். எட்டு நிமிடம் என்று காட்டும், உண்மையில் ஏழுதான். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. போட்டியாளர்களுக்கும் எட்டு நிமிடம்தான். அன்று வரவேற்புரை முடிந்ததும் நான் அதைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். பேச்சுக்கு நீளம் கிடையாது, பாட்டுக்கு உண்டு.

அவளுடைய அப்பா என் மேசைக்கு ஓடிவந்தார். "பாட்டு ஏழு நிமிசம் ஐம்பது செக்கன்! வெள்ளவத்தையில வீட்டில நூறு தரம் ஆடினவள். நீ என்னத்தைப் பாத்தனீ, உன்ட கல்யாணத்துக்கு முகூர்த்தமோ?"

"கடிகாரம் பூச்சியம் காட்டினது, ஐயா."

"காட்டினதோ? இந்தா, நான் காட்டுறன்."

அதற்குப் பிறகுதான் மேசை. ஒலிக்காரர் இருவர் அவரைக் கீழே தள்ளி, அவர் அசையாமல் போகும்வரை உதைத்தார்கள். சிறுமி சலங்கையோடு மேடையில் நின்று கத்தினாள். ஆட்டத்தை முடிக்காதவருக்குப் புள்ளி இல்லை என்பது விதி. நடுவர்கள் அவளை நீக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஏற்பாட்டாளர் வந்தார்.

"தங்கச்சி, கடிகாரம் சரியாத்தான் ஓடினது எண்டு மட்டும் பொலிசுக்குச் சொல்லும்."

"கடிகாரம் ஓடின பதிவு கணினியில இருக்கு, அண்ணை."

"அதை அழிக்கிறது என்ன பெரிய வேலையோ?"

கடிகார மென்பொருளை எழுதியவள் நான். அழிக்க ஒரு நிமிடம் போதும். அழித்தால் அந்தப் பிள்ளை தானே பிழை விட்டதாக ஆகிவிடும். பொலிசுக்கும் நடுவர்களுக்கும் பதிவைக் கொடுத்தேன். வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்து வைத்தேன்.

சிறுமி மீண்டும் ஆடி இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கிறாள். என்னை அடித்ததற்காக அவளுடைய அப்பா மேல் வழக்கு நடக்கிறது. அவருக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன. என் வேலை போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை.