உத்தரத்தில் தொங்கிய பூண்டு

மாதம் பிறந்தால் மதுரைக் கல்லூரி விடுதியில் மற்றவர்களுக்கு மணியார்டர் வரும். எனக்கு வராது. பூண்டி மலையில் எங்கள் காட்டில் விளைந்த பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, கொடைக்கானல் காய்கறி லாரியில் அப்பா அனுப்பிவைப்பார். அதை அறையின் உத்தரத்தில் தொங்கவிட்டு, நல்ல விலை வரும்போது விற்றுச் சாப்பாட்டுக் கட்டணம் கட்டுவேன்.

ஒருநாள் வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"நாத்தம் தாங்கல. எல்லாத்தையும் வெளிய எறி."

"எறிய மாட்டேங்க சார். நீங்க வாங்குற பணம் மட்டும் நாறலையாக்கும்?"

அவர் மூக்கைப் பொத்தியபடியே படியிறங்கிப் போனார். பூண்டு இறங்கவில்லை.

பட்டம் வாங்க மேடையேறியபோது, கறுப்பு அங்கிக்குள் என் சட்டையில் அதே வாடை. வேண்டுமென்றேதான் அதைத் துவைக்காமல் போட்டிருந்தேன்.