ஐயாவு கானுக்கு அச்செடுத்த வரலாறு

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், பெரிய துரைக்கும் இல்லாத ஓர் அதிகாரம் ஐயாவுக்கு இருந்தது. எந்த வீட்டு மானத்தையும் அவர் வெளியே இழுத்து வெயிலில் போடலாம்.

அவருடைய தொழில் சாக்கடைக் கான் அடைப்பு எடுப்பது. பங்களாவின் குசினித் தொட்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கக்கூசு, ரப்பர் ஸ்டோரின் கழிவுக் கான், அடுத்துள்ள சிங்களக் கிராமத்து வீடுகள் என்று தண்ணீர் எங்கே தேங்கினாலும் ஆள் அவரிடம்தான் ஓடும். கொக்கிக் கம்பி ஒன்று, வளைந்து கொடுக்கும் மூங்கில் பட்டை ஒன்று, ஒரு சாக்கு. வேறு ஆயுதம் கிடையாது.

அடைப்பை எடுத்துவிட்டுப் போகிற சாதாரண ஆளாக இருந்திருந்தால் இந்த வரலாற்றுக்கே அவசியம் வந்திராது. ஐயாவு ஒழுக்கத்தின் காவலர். எடுத்ததைச் சாக்கில் பரப்புவார். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அக்கம்பக்கத்தார் வருவதற்கு விதி தேவைப்படவில்லை. பிறகு கம்பி நுனியால் தொட்டுக் காட்டி, நீதவான் குரலில் கேட்பார்: "இது யாரோடது?" சிங்கள வீடானால், "மேக காகெத?" பதில் வராமல் நகரமாட்டார். கந்தசஷ்டி விரத வீட்டில் கோழி எலும்பு வந்தது. தன் கூந்தலைப் பற்றித் தானே பேசி அலுக்காத தெரேசம்மாவின் வீட்டில் முழம் நீளச் சவுரி வந்தது. அதன்பின் அவள் பல ஞாயிறு கோயில் பக்கம் போகவில்லை. வெட்கப்பட்டவர்கள் திருந்தினார்களோ இல்லையோ, ஐயாவைக் கண்டால் பாதை மாறினார்கள். அதை அவர் மரியாதை என்று எண்ணிக்கொண்டார்.

தோட்டம் கம்பனிக் கைக்குப் போய்ச் சில வருடம் கழிந்த காலம் அது. ரப்பர்பால் குறைகிறது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கணக்கப்பிள்ளை யோகராஜ் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று அறிவித்தார்: எவர் கையிலாவது திருட்டுப் பால் அகப்பட்டால் பேர் வெட்டப்படும். பேர் வெட்டினால் வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐயாவின் மனைவி புஷ்பம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அடுத்த வாரமே ஒரு மத்தியானம், மாவு டின்னில் கொஞ்சம் பாலை இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். லயத்து வாசலில் காவல்கார வாச்சர் ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டு நின்றான். புஷ்பம் தண்ணீர்ப் பீலியடியில் குனிந்து முகம் கழுவுகிற சாக்கில் டின்னைக் கானின் வாயில் கவிழ்த்துவிட்டாள். லயமே பார்த்தது. பார்க்காதவர்கள் இரண்டு பேர்: ஒருவன் வாச்சர், மற்றவர் ஐயாவு. அவர் காதில் போட யாருக்கும் துணிவு வரவில்லை. போட்டால் சாக்கை விரித்துவிடுவாரே.

பாதைக்கு அடியில் கான் குழாய் ஓர் இடத்தில் வளைகிறது. பால் அங்கே போய்ச் சவர்க்காரத் தண்ணீரோடும் புளித்த கஞ்சியோடும் சேர்ந்து உறைந்தது. கழுவிய தண்ணீர் எல்லாம் திரும்பி வந்து, சில நாளில் கணக்கப்பிள்ளை நடக்கிற பாதையையும் நனைத்தது. அவர் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை மேசோடு நேரிலேயே வந்து நின்று ஐயாவைக் கூப்பிட்டார்.

லயம் கூடிவிட்டது. திருவிழாவுக்கு இடம் பிடிப்பதுபோல் பிடித்தார்கள். இந்த ஒரு நாளுக்காகப் பலரும் காத்திருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஐயாவு கம்பியை விட்டுத் துழாவினார். கொக்கி எதிலோ மாட்டியது. இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போனது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது அது நீண்டு, நீண்டு, படாரென்று வெளியே பாய்ந்து, சேற்றில் பாதியைக் கணக்கப்பிள்ளையின் மேசுக்கு வழங்கியது. குழாயின் வளைவு அப்படியே பதிந்து, முழங்கை மடித்த கைபோல வெள்ளையாகக் கிடந்தது.

ஐயாவு அதைச் சாக்கில் கிடத்தினார்.

"இது யாரோடது?"



"ரப்பர்பால் தானே இது?" என்று கணக்கப்பிள்ளை குனிந்தார்.

"ஆமாங்கய்யா. நல்ல பாலு. தண்ணி கலக்காதது. வெட்டுன அன்னைக்கே ஊத்தியிருக்காங்க."

"அப்ப கேளு. நல்லா சத்தமா கேளு."

ஐயாவு நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இப்போது வேடிக்கை பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற புஷ்பத்தின் வாயில் முந்தானை திணிந்திருந்தது. ஐயாவு தன் ஆயுளில் முதல் தடவையாக ஓர் அடைப்பைத் திரும்பவும் உள்ளே தள்ள ஆசைப்பட்டார்.

"என்னோடதுங்க," என்றார்.

"ஒன்னோடதா?"

"ஸ்டோருக் கான் கழுவுறப்ப வழிச்ச கழிவுப் பாலுங்க. இந்தக் குழா வளவு எம்புட்டுன்னு அளவு பாக்க ஊத்துனேன். அச்சு எடுத்துட்டா கம்பிய அதுக்குத் தோதா வளைச்சுக்கலாமுன்னு."

"இப்பத்தானே நல்ல பாலுன்னே?"

"நம்ம பொருள நாமளே கொற சொல்லக்கூடாதுங்களே."

கணக்கப்பிள்ளைக்குத் திருப்தி இல்லை. கூட்டத்தைப் பார்த்தார். தெரேசம்மா முன்னால் வந்தாள்.

"உண்மதாங்கய்யா. நா பாத்தேன். ஊத்தாதீங்கண்ணே, அடைச்சிக்கிருமுன்னு நாங்கூடச் சொன்னேன். அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நாம சொன்னா கேப்பாரா?"

ஒரே மூச்சில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி, அதன் தலைவரைப் புதைத்துவிட்டாள். கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருட்டு மடத்தனமாக மாறியது. மடத்தனத்துக்குப் பேர் வெட்டுகிற சட்டம் தோட்டத்தில் இல்லை. அச்சைக் கழுவச் சொல்லி ஒப்பீசுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த மாதம் பங்களாத் தொட்டி அடைத்தபோது கேகாலையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் 'அச்சு மாமா' என்றார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பொழுது சாய்கிற நேரம் ஐயாவு காம்பிராவின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புஷ்பம் தேத்தண்ணீரை வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் நின்றாள். யாருக்கு விற்க என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. எதுக்கு என்று மட்டும் கேட்டார்.

அவள் மூலையில் கிடந்த அவருடைய ரப்பர்ச் சப்பாத்தை எடுத்துவந்து கவிழ்த்தாள். அடிப்பக்கம் விரல் நுழைகிற வெடிப்பு.

"கக்கூசுத் தண்ணியில நின்னு நின்னு காலுப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. பாலு ஊத்திக் காயவச்சா ஓட்ட அடைஞ்சிரும்னாங்க."

ஐயாவு சப்பாத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை. பிறகு கண்டிப்பான குரலில் சொன்னார்:

"கொண்டாந்தது சரி. ஊத்துறதுக்கு வேற எடமா இல்ல? வளவு உள்ள கான்லயா ஊத்துவாங்க?"

"பயத்துல வளவு தெரியலங்க."

மறுநாள் பெரட்டில் சின்னதுரை வந்திருந்தார். கணக்கப்பிள்ளை ஐயாவைக் கூப்பிட்டு, அச்செடுக்கிற முறையை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொன்னார். அதே சப்பாத்தோடு நின்று, ஐயாவு சொன்னார். சனம் சிரித்தது. இன்னொரு பக்கம் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பத்தின் பேர் வந்தபோது அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"இருக்கேங்க," என்றது அவள் குரல், மிக மெல்ல.

ஐயாவு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலை எவ்வளவு மெதுவாக ஊற்றவேண்டும் என்பதைச் சின்னதுரைக்கு விளக்கத் தொடங்கினார்.