அப்புத்தளை ரயிலடித் தண்ணீர்க்காரர்

பிள்ளைகளே, பசறைத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில் அப்புத்தளை ரயிலடியில் ஒருவர் இருந்தார். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குப் புதிதாக வரும் ஆட்களுக்குச் சுடுதண்ணீர் கொடுப்பதுதான் அவர் வேலை. நெடுநெடுவென்று இருப்பார், குளிருக்குக் காதை மூடிச் சாக்குத் துணி கட்டியிருப்பார். தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும், "எந்த ஊருங்க?" என்று கேட்பார். தொண்டிக் கடற்கரையில் தாயைத் தனியே விட்டுவிட்டு வந்தவர். அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஒருநாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "தொண்டிங்கண்ணே" என்றாள். அவர் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"கடற்கரைப் பிள்ளையார் கோயில் கிணறு இருக்கா தாயி? தண்ணி இன்னும் இனிக்குதா?"

"இனிக்குதுங்க. பக்கத்துலயே கடலு, ஆனா கொஞ்சமும் உப்பில்ல."

அவ்வளவுதான். அவள் செம்பை மறுபடி நிரப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, அம்மாவப் பத்திக் கேக்கலயே! அவளக் கூப்பிடவா?"

"வேணாம் தம்பி. கேட்டா சொல்லிப்புடுவாளே."

வந்த ஆட்கள் தோட்டத்துக்கு நடந்துபோனார்கள். குழந்தைக்காரி என்பதால் அவளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பசறை வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாள். அந்தத் தாயைப் பற்றி நானும் கேட்கவில்லை. ஏனென்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.