குரோன்லாண்டில் ஒரு மிடறு கறி நூடில்ஸ் சூப்

கறி நூடில்ஸ் சூப் குடிப்பதற்காக ஒரு முழுச் சனிக்கிழமையைச் செலவழித்தேன். குடித்தது ஒரே ஒரு மிடறு. நீங்களும் போக நினைத்தால் முதலில் இதை வாசியுங்கள்.

காரணம் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு கட்டுரை தந்திருந்தார்கள்: இதுவரை உண்ணாத ஒரு சாப்பாட்டை நீங்களே சுவைத்து, அந்தச் சுவையை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். மலேசியத் தெருக்கடைகளின் கறி நூடில்ஸ் சூப்பைப் பற்றி நூலகப் புத்தகமொன்றில் வாசித்திருந்தேன். தேங்காய்ப்பால், மஞ்சள், மிகக் குறைந்த உறைப்பு. ஒஸ்லோவில் குரோன்லாண்ட் பகுதி ஆற்றங்கரையில் கோடைச் சனிக்கிழமைகளில் ஒரு மலேசியப் பெண் அதை விற்கிறார் என்று தோழி சொன்னாள். 2006 கோடையில் அவருக்கு அதுதான் கடைசிச் சனிக்கிழமை.

தனியாகப் போக அம்மா விடவில்லை. பியோர்ண்டாலில் இருக்கும் சித்தியைத் துணைக்கு அனுப்பினார். மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் 11.12 ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. சித்தி வந்தது 11.40க்கு.

"சூப் குடிக்கவோ இவ்வளவு தூரம்? என்னட்டைச் சொல்லியிருந்தா ரசம் வைச்சுத் தந்திருப்பனே," என்றார். எனக்கு அந்தச் சூப் அப்படியே வேண்டும் என்று வழியில் நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் "ஓம், ஓம்" என்றார்.

இருபது நிமிடப் பயணம். பிறகு மழையில் முப்பத்தைந்து நிமிட வரிசை. கிண்ணம் 65 குரோனர். எங்கள் முறை வந்தபோது மிச்சம் இரண்டே கிண்ணங்கள்.

"உறைக்காது," என்று கடைக்காரப் பெண் நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"அப்ப இது காய்ச்சல் வருத்தக்காரற்றை சாப்பாடெல்லோ!" என்று சித்தி என் காதுக்குள் சொன்னார்.

கூடாரத்தின் கீழே பலகையில் கிண்ணங்களை வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முதலில் நிறத்தை எழுதினேன்: சின்னப் பிள்ளைகளின் மழை அங்கி மஞ்சள். நிமிர்ந்தால் சூப் சிவப்பாக இருந்தது. சித்தி ஒரு பழைய ஜாம் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள்.

"சித்தி! என்ன செய்தனீங்கள்?"

"உனக்கும் போட்டிருக்கிறன் பிள்ளை. கொஞ்சம்தான்."

"அப்பிடியே வேணும் எண்டு சொன்னனானெல்லே!"

"ருசி பாக்கத்தானே வந்தனி? இனித்தான் ருசி வரும்."

குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குள் நூடில்ஸ் விழுந்தது போல இருந்தது. அழுகை வந்தது.

கடைக்காரப் பெண் இதைப் பார்த்திருக்க வேண்டும். பானையின் அடியைச் சுரண்டி, ஒரு காப்பிக் கோப்பையில் பாதியளவு கொண்டுவந்து தந்தார். "இதில் எதையும் போட வேண்டாம்," என்று சித்தியைப் பார்த்துச் சொன்னார்.

"தா, உப்புக் காணுமோ எண்டு பாப்பம்," என்று சித்தி அதை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. கோப்பையைச் சரித்து மூன்றாவது மிடறும் குடித்தார்; ஜாம் போத்தலைத் தொடவேயில்லை.

"சித்தி, எனக்கு!"

கோப்பை திரும்பி வந்தபோது அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இளஞ்சூடு, தேங்காய்ப்பால். அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன்.

"கோவமோ?"

"ஓம்."

"எழுது, நான் சொல்லுறன். முதல் லேசான இனிப்பு. பிறகு ஏதோ எலுமிச்சை மாதிரி மூக்கிலை ஏறுது. கடைசியிலை றால் மணம். எத்தினை வருசமா றால் சமைக்கிறன், அதுக்கு உப்பிடி ஒரு மணம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, அக்கா சிரிப்பா," என்றார்.

ஆனால் நானே சுவைக்க வேண்டும் என்பதுதானே விதி? ஒரு மிடறை வைத்து ஒரு பக்கம் எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை தொடங்கிக் கிழித்தேன். மூன்றாவது இப்படித் தொடங்கியது: "என் சித்தி நாற்பத்தொரு வயதில் முதன்முதலாகத் தூள் போடாத சூப் குடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்." அதையே கொடுத்தேன்.

அடுத்த கோடையில் போகிறவர்களுக்கு: பன்னிரண்டுக்கு முன்னரே போய்விடுங்கள். குடை கொண்டுபோங்கள். குடித்துவிட்டு எழுதுங்கள், எழுதிவிட்டுக் குடிக்காதீர்கள். சித்தியுடன் போவதானால் ரயில் ஏறுமுன் கைப்பையைத் திறந்து பாருங்கள்.

அம்மா இணையத்தில் எதையும் வாசிப்பதில்லை. வாசிக்கிற நீங்கள், றால் விசயத்தை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.