காரிலிருந்து கடைக்கு ஒரு ரயில்

வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொல்லிவிட்டாள் அம்மா. ஆறு மாதம் இருப்பாள் என்று நம்பி மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலையெல்லாம் போட்டிருந்தேன்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. வாசலைத் தாண்டினா போறதுக்கு ஒரு இடம் இல்ல. எங்க போகணும்னாலும் நீ கார் எடுக்கணும். இதுக்கு ஜெயில் தேவல."

முப்பது வருஷம் தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு மின்சார ரயிலில் ஆபீஸ் போனவள் அவள். பெண்கள் பெட்டியில் இடம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் ஒரு சோபாவில் உட்கார வைத்தால் கோபம் வராமல் என்ன வரும்? போய்விடுவாளோ என்று பயந்து, டிக்கெட்டை மாற்றாமல் நாளைக் கடத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான், ஆபீஸில் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு கதை படித்தேன். பக்கத்து நகரமான ஃபோர்ட் வொர்த்தில் ஒரு பெரிய கடை இருந்திருக்கிறது. சுற்றிலும் கார் நிறுத்த இடமில்லை. கடைக்காரர் ஆற்றோரம் பெரிய மைதானம் ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து கடையின் அடித்தளம் வரை சொந்தச் செலவில் சுரங்க ரயில் விட்டார். இன்னொரு ஊர் கழித்துக் கட்டிய டிராம் வண்டிகள். டிக்கெட் கிடையாது. பிறகு கடை போய், மால் வந்து, மாலும் ஈ ஓட்ட, ஒருநாள் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதைவிட என்ன காட்டிவிட முடியும்? சனிக்கிழமை கிளம்பினோம். பட்டுப்புடவை கட்டி, எலுமிச்சை சாதமும் எடுத்துக்கொண்டாள். நின்றுபோன ரயில் என்று நான் சொன்னதை அவள் பொருட்படுத்தவே இல்லை. நம் ஊரில் நின்ற ரயில் எப்படியும் கிளம்பிவிடும்.

ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் ஓட்டிப் போய்ப் பார்த்தது ஒரு கம்பிவேலியையும், அதன் பின்னால் அடைத்துக் கிடந்த சிமெண்ட் சுரங்கத்தையும்தான்.

"கார்ல வந்து, ரயில் ஏறி, கடைக்குப் போயிருக்கானா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ தூரம்?"

"ஒரு மைல்கூட இருக்காது."

"நடக்கக் கூடாதுன்னு வேண்டுதலா?"

சாதத்தைக் காரிலேயே சாப்பிட்டோம். திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட்டை மாற்ற வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ரிச்சர்ட்சனை நெருங்கும்போது ஃப்ரீவேயை ஒட்டி ஒரு ரயில் எதிர்த்திசையில் போனது.

"அது என்னடா?"

"ரயில்மா. டல்லாஸ் போகுது."

"ஆள் ஏத்தறானா?"

"ஏத்தறான்."

"ஸ்டேஷன் எங்க?"

"நம்ம வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடை. ஆனா அதுல யாரும் போக மாட்டாங்கம்மா."

"யாரும்னா நீ."

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஒருமுறைகூட அந்த ரயிலில் ஏறியதில்லை.

"ஓடற ரயில் வீட்டுப் பக்கத்துல. ஓடாத ரயிலைக் காட்ட ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணியிருக்க. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவன்டா நீ."

திங்கட்கிழமை அந்த ரயிலில் போகக் கிளம்பிவிட்டாள். கூடவே வருகிறேன் என்றேன். "ஆபீசுக்குப் போற வழியைப் பாரு" என்றாள். பிடிவாதமாகப் பிளாட்பாரம் வரை போனேன். கதவு திறந்ததும் முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறினாள். பெட்டியில் இருந்ததே நான்கு பேர். அப்படியும் விரைந்து போய் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் போன் வந்தது.

"டேய், அந்த டிக்கெட்டை மாத்தித் தொலைச்சுடாத. இங்க இன்னும் மூணு லைன் இருக்காம்."