டோக்கியோவில் கும்பிட்டவர்

திருவொற்றியூரில் லாரி உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களில் சிலரை டோக்கியோவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மேலாளரும் கூட வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். தீபாவளி நேரத்து எம்.சி. ரோடு மாதிரி நெரிசலான கடைத்தெரு. இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஆட்டோ நுழையும் அகலத்தில் ஒரு சந்து. வாயிலில் செக்கச்செவேலென்று மர வளைவு. உள்ளே ஜப்பான்காரர்களின் ஷிண்டோ மதக் கோயில், நம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அளவுதான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள் காவலுக்கு இருந்தன. கைப்பையோடு வந்த ஒரு பெண் கரண்டியில் தண்ணீர் மொண்டு கை கழுவி, காசு போட்டு, குனிந்து, இருமுறை கை தட்டிக் கும்பிட்டுவிட்டு வந்த வேகத்திலேயே கூட்டத்தில் கலந்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படியே செய்தேன். பாஷை தெரியாத சாமியிடம் அம்மாவின் முழங்கால் வலியைச் சொன்னேன்.

அதற்குள் நாலு பக்கமும் போட்டோ எடுத்து முடித்திருந்த மேலாளர், கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார். பிறகு கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியாம்மா? இங்க ஒரு அடி நிலம் என்ன விலை விக்கும்! ஆனா கோயில் மேல கை வைக்கல. ஒதுங்கிக் கட்டியிருக்கான். இதான் கல்ச்சர்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கன்டெய்னர் லாரி திரும்ப இடமில்லை என்று, தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அம்மன் கோயிலை இடிக்க வைத்தவர் இவர்தான். அதுவும் ஆடி பிறக்கப் போகிற சமயத்தில். தெருப் பெண்களோடு நானும் ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "ஆக்கிரமிப்பு" என்ற ஒரே வார்த்தையில் எங்களை எழுப்பி அனுப்பினார். அந்தத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே அங்கே அம்மன் இருந்தாள்.

"நம்ம கேட்டாண்ட இருந்த அம்மன் இன்னா சார் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அது வேறம்மா. ரோட்டோரத் தகரக் கொட்டாய். இது பாரம்பரியம்."

"இன்னா வேற? இதுவும் ரோட்டோரம்தான் கீது. இங்க கோட்டு போட்டுகினு வந்து கும்புட்றாங்கோ. எங்க பொம்பளைங்கோ மீன் கூடையோட வந்தாங்கோ. அதானே சார் உங்களுக்கு கலீஜு?"

ஆபீஸில் நான் அப்படிப் பேசுவதில்லை. நாக்கை அடக்கிப் பழகியிருந்தேன். அன்று அடக்கத் தோன்றவில்லை. கூட வந்தவர்கள் நரிகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"டயர்டா இருக்க, ரூமுக்குப் போ," என்றார் மேலாளர்.

நான் போகவில்லை. அவர்தான் போனார்.

ஊர் திரும்பியதும் என்னை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அவர் எடுத்த அந்தக் கோயில் போட்டோ பெரிதாக அச்சாகி எங்கள் வரவேற்பறையில் தொங்கியது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, ஜப்பான்காரனின் பக்தியைப் பற்றிப் பேசினார்.

அம்மன் இப்போது கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பூவரசு மரத்தடியில் வெறும் கல்லாக இருக்கிறாள். இந்த ஆடிக்கு அங்கேதான் கூழ் ஊற்றினோம். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி கூழ் அண்டாவில் விழாமல் இருக்க நாங்கள் நாலைந்து பேர் பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கும்புடாம கம்பெனி கேட்டையே இன்னா மொறைச்சிகினு நிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எனக்குக் கும்பிட வரவில்லை. கை வலிக்க வலிக்கச் சேலையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.